கோவிட்டுக்குப் பின் வரும் மூளை மூட்டம்: என்ன நடக்கிறது, எப்படிச் சமாளிப்பது

அடுப்பில் பாலை வைக்கிறீர்கள். கைபேசி அடிக்கிறது. இரண்டு நிமிடம் பேசிவிட்டு வைத்தால், கருகல் வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் பால் என்ற ஒன்றே நினைவுக்கு வருகிறது. எதிர்வீட்டுக்காரர் பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது, வாய்க்கு வரவில்லை. வங்கியிலிருந்து வந்த கடிதத்தின் முதல் பத்தியை மூன்று முறை படித்தாயிற்று. மூன்று முறையும் முதல் முறை போலவே இருக்கிறது.

இதெல்லாம் எல்லோருக்கும் எப்போதாவது நடப்பதுதான். கோவிட் வந்து போன சிலருக்கு மட்டும், காய்ச்சல் இறங்கி இருமல் நின்ற பிறகும், இது மாதக் கணக்கில் அன்றாடமாகிவிடுகிறது. ‘மண்டைக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு’ என்று பாதிக்கப்பட்டவர்கள் சொல்வதைத்தான் பிரெயின் ஃபாக் என்கிறார்கள். மூளை மூட்டம் என்று இங்கே அழைப்போம். காய்ச்சல் என்பது போல இதுவும் ஓர் அறிகுறியின் பெயர்தான், நோயின் பெயர் இல்லை. அதனால் ‘எனக்கு மூளை மூட்டம்’ என்று தெரிந்துகொள்வதோடு வேலை முடிவதில்லை. எதனால் என்று தேட வேண்டும்.

தொற்று போன பிறகும் இப்படி நீடிக்கும் அறிகுறிகளை நீள்கோவிட் (லாங் கோவிட்) என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் அதற்கு ஒரு வரையறை தந்தது. தொற்று வந்து பொதுவாக 3 மாதம் ஆகும் கட்டத்தில் அறிகுறிகள் இருக்க வேண்டும். குறைந்தது 2 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வேறு எந்த நோயாலும் அவற்றை விளக்க முடியாமல் இருக்க வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனையைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதைப் பிறகு பார்ப்போம்.

சுருங்கிப் போனது சமையல் மேடை

மூளை மூட்டம் வந்தவர்கள் முதலில் பயப்படுவது மறதி நோயை நினைத்து. பெரும்பாலானவர்களிடம் குறைந்திருப்பது சேமித்து வைத்த நினைவு இல்லை. ஒரு வீட்டில் சாமான் அறையும் இருக்கிறது, சமையல் மேடையும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய நினைவுகள், கற்ற தொழில், மொழி எல்லாம் சாமான் அறையில் அடுக்கியிருப்பவை. அந்த நிமிடத்துக்கு வேண்டியதை எடுத்து வைத்து வேலை செய்யும் இடம் சமையல் மேடை. வல்லுநர்கள் இதைச் செயல் நினைவு என்பார்கள். கோவிட்டுக்குப் பின் சாமான் அறை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. மேடைதான் அகலம் குறைந்துவிடுகிறது. நான்கு பாத்திரம் வைத்த இடத்தில் இரண்டுதான் நிற்கும். மூன்றாவதை வைத்தால் முதலாவது கீழே விழும்.

பால் பொங்கிய கதையும் இதுதான். பாலை ‘மறக்க’வில்லை, போன் பேச்சு மேடையில் ஏறியபோது பால் தள்ளிவிடப்பட்டது. சாவியை எங்கே வைத்தோம் என்பதும் அப்படியே. வைக்கும்போது மனம் வேறெதிலோ இருந்ததால், வைத்த இடம் உள்ளே பதியவே இல்லை. பதியாததை எவ்வளவு யோசித்தாலும் எடுக்க முடியாது. இது புரிந்துவிட்டால், ‘நன்றாக ஞாபகப்படுத்திப் பார்’ என்று தன்னையே வதைத்துக்கொள்வது நிற்கும்.

மேடை சுருங்குவதோடு வேகமும் குறைகிறது. பேசுகிறவரின் முதல் வாக்கியத்தைப் புரிந்துகொள்வதற்குள் அவர் மூன்றாவதற்குப் போய்விடுகிறார். கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது கடினமாகிறது. சொற்கள் தாமதமாக வருகின்றன. பல படிகள் உள்ள வேலையை, உதாரணமாக ஒரு பயண ஏற்பாட்டை, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் கை நிற்கிறது.

முதுமை மறதியிலிருந்து பிரித்துப் பார்க்கச் சில அடையாளங்கள் உண்டு. மூளை மூட்டத்தில் குறிப்புக் கொடுத்தால் பெரும்பாலும் நினைவு வரும். ‘ரா-வில் ஆரம்பிக்கும்’ என்றால் பெயர் வந்துவிடும். நாளுக்கு நாள், வேளைக்கு வேளை ஏறி இறங்கும். குறையைப் பற்றி அதிகம் கவலைப்படுவது பாதிக்கப்பட்டவரே. மறதி நோயில் பெரும்பாலும் வீட்டாரே முதலில் கவனிக்கிறார்கள். இவை வழிகாட்டும் அடையாளங்கள் மட்டுமே. 60 வயதைக் கடந்தவருக்கு மாதா மாதம் படிப்படியாக மோசமாகிறது, பழகிய தெருவில் வழி தெரியவில்லை, குணம் மாறிவிட்டது என்றால் நரம்பியல் மருத்துவரைத் தள்ளிப்போடாமல் பார்க்க வேண்டும்.

மூளைக்குள் என்ன நடக்கிறது

ஒரே காரணம் இல்லை. ஆளுக்கு ஆள் கலவை மாறுகிறது. பெரும்பாலானவர்களிடம் வைரஸ் மூளைக்குள் புகுந்து குடியிருப்பதாகச் சொல்லச் சான்று குறைவு. வலுவாகத் தெரிவது நோய் எதிர்ப்பு அமைப்பின் கைவரிசை. 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், சுவாசப் பாதையில் மட்டும் லேசான தொற்று ஏற்படுத்தப்பட்ட எலிகளிடம்கூட, மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா கிளர்ந்தெழுந்து, நரம்பிழைகளின் மேலுறையைப் பராமரிக்கும் செல்கள் குறைந்திருந்தன. புற்றுநோய்க்கு கீமோ எடுத்தவர்கள் சொல்லும் மந்தத்திலும் இதே தடம் உண்டு. 2024-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள், மூளை மூட்டம் உள்ள நீள்கோவிட் நோயாளிகளிடம் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு கசிவதைக் காட்டினார்கள்.

அதிகம் பயமுறுத்திய ஆய்வு பிரிட்டனில் நடந்தது. 51 முதல் 81 வயது வரையிலான 785 பேருக்கு இரண்டு முறை மூளை ஸ்கேன். அவர்களில் 401 பேருக்கு இடையில் கோவிட் வந்திருந்தது. வந்தவர்களுக்கு மணத்தோடும் நினைவோடும் தொடர்புள்ள சில பகுதிகளில் 0.2 முதல் 2 சதவீதம் வரை கூடுதல் இழப்பு. ‘மூளை சுருங்குகிறது’ என்று தலைப்பு போட இது போதும். ஆனால் அது இரு குழுக்களின் சராசரிக்கு இடையிலான வித்தியாசம். ஒரு தனி ஆளின் ஸ்கேனில் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியது இல்லை. அதனால்தான் மூளை மூட்டம் உள்ளவர்களின் எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் ‘நார்மல்’ என்றே வருகிறது. நார்மல் என்று வந்தால் குறை இல்லை என்று அர்த்தமும் இல்லை. அபாய அறிகுறி எதுவும் இல்லாதபோது ஆயிரக்கணக்கில் செலவழித்து ஸ்கேன் எடுக்க அவசரமும் இல்லை.

குறைவின் அளவுக்கு ஒரு மதிப்பீடு இருக்கிறது. இங்கிலாந்தில் 1,12,964 பேர் இணையவழித் தேர்வு எழுதிய ஆய்வு 2024-இல் வந்தது. கோவிட் வந்து முழுக்கக் குணமானவர்களிடம், வராதவர்களோடு ஒப்பிட்டால், நுண்ணறிவு ஈவில் (ஐ.க்யூ.) சுமார் 3 புள்ளிக்குச் சமமான குறைவு. அறிகுறி தீராமல் நீடித்தவர்களிடம் 6. தீவிர சிகிச்சைப் பிரிவுவரை போனவர்களிடம் 9. ஆளுக்கு ஆள் ஈவில் இருக்கும் வழக்கமான வித்தியாசத்தின் அளவுகோலே (நியம விலக்கம்) 15 புள்ளி என்று பார்த்தால் 3 சிறியது. கணக்கு எழுதுகிறவருக்கும் பாடம் நடத்துகிறவருக்கும் 6 நன்றாகவே உறைக்கும். அதே ஆய்வில் ஆறுதலும் உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் அறிகுறி நீடித்துப் பிறகு தீர்ந்தவர்களின் மதிப்பெண், சீக்கிரம் குணமானவர்களுடையதைப் போலவே இருந்தது.

முதலில் விலக்க வேண்டியவை

எல்லாப் பழியையும் கோவிட் மேல் போட்டால், சுலபமாகச் சரிசெய்யக்கூடியது கண்ணுக்குத் தப்பிவிடும். மருத்துவரிடம் கேட்க வேண்டிய சோதனைகள்: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சத்து இருப்பு), வைட்டமின் பி12, டி.எஸ்.எச். (தைராய்டு), மூன்று மாதச் சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், உப்புச் சத்துகள். இவற்றில் நம் ஊரில் அதிகம் அகப்படுவது பி12 குறைபாடு. சைவச் சாப்பாடு மட்டும் சாப்பிடுகிறவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், வருடக் கணக்கில் ‘கேஸ் மாத்திரை’ போடுபவர்கள் என்று மூன்று வாசல் வழியாகவும் அது நுழையும். மந்தத்தோடு பாதத்தில் மதமதப்பும் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. சோதனைக்கு முன்பே பி காம்ப்ளெக்ஸ் விழுங்கிவிட்டால் அளவு உயர்ந்து காட்டி உண்மையை மறைத்துவிடும். ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரையைத் தொடங்குங்கள்.

இன்னொரு பொறி கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. கோவிட்டுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துப் பலருக்கு முடி கொட்டும். அதற்கு பயோட்டின் மாத்திரை வாங்கிப் போடுவார்கள். அதிக அளவு பயோட்டின் பல ஆய்வகங்களின் தைராய்டு சோதனையைக் குழப்பும், டி.எஸ்.எச். உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம். தைராய்டு சோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும், போட்டுவந்ததை மருத்துவரிடம் சொல்லவும் வேண்டும்.

மாத்திரைப் பெட்டியையும் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். சளி மாத்திரைகளில் இருக்கும் குளோர்ஃபெனிரமின், வலிக்கும் தூக்கத்துக்கும் தரும் அமிட்ரிப்டிலின், பதற்றத்துக்குத் தரும் குளோனாசெபாம், அல்பிரசோலம் எல்லாமே மூளையை மந்தமாக்கக் கூடியவை. கடைசி இரண்டையும் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பலத்த குறட்டை, பகலில் உட்கார்ந்தபடியே தூக்கம், காலையில் தலைவலி இருந்தால் தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பார்க்கும் சோதனை தேவை. மனச்சோர்வும் கவனத்தைக் கெடுக்கும், அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. ஆனால் ‘டெஸ்ட் எல்லாம் நார்மல், அப்போ மனசுதான்’ என்று தாவுவது தவறு. மனச்சோர்வு மட்டும் இருப்பவர் ஒரு மணி நேரம் கூட்டத்தில் உட்கார்ந்ததற்காக மறுநாள் படுக்கையோடு கிடப்பது வழக்கமில்லை. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் டெலி மானஸ் எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.

மருத்துவமனையில் நினைவையும் கவனத்தையும் பார்க்கும் மோகா என்ற 30 மதிப்பெண் தேர்வு வைக்கலாம், தமிழிலும் உண்டு. 26-க்குக் கீழே போனால் மேலும் ஆராய்வார்கள். அதில் 28 வாங்கிவிட்டு வெளியே வந்து, வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று தெரியாமல் நிற்பவர்கள் உண்டு. அமைதியான அறையில் பத்து நிமிடம் நடக்கும் தேர்வு அது. மூளை மூட்டமோ இரைச்சலுக்கு நடுவே நாற்பதாவது நிமிடத்தில்தான் முகம் காட்டும். வேலையே பாதிக்கப்படுகிறது என்றால், ஓரிரு மணி நேரம் பிடிக்கும் விரிவான நரம்பு உளவியல் சோதனையைக் கேட்டுப் பெறுங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்களில் அதற்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது.

இது எதிலும் சேராத ஒன்று: முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தொங்குவது, பேச்சு திடீரெனக் குழறுவது, வலிப்பு. அது மூட்டம் இல்லை. உடனே 108. அடைப்பால் வந்த பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு முதல் நான்கரை மணி நேரம்தான் அவகாசம்.

நின்றால் கூடும் மந்தம்

ரேஷன் கடை வரிசையில், பேருந்தில் நின்றபடி, அடுப்பு முன்னால் மந்தம் கூடுகிறது. படுத்தால் கொஞ்சம் தெளிகிறது. இப்படி இருந்தால் காரணம் மூளைக்கு வெளியே இருக்கலாம். கோவிட்டுக்குப் பின் சிலருக்கு ரத்தக் குழாய்களைச் சுருக்கி விரிக்கும் தானியங்கு நரம்புகள் தடுமாறுகின்றன. எழுந்து நின்றதும் ரத்தம் காலிலும் வயிற்றிலும் தேங்கிவிட, இதயம் படபடவென்று அடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. இந்த நிலையின் சுருக்கப் பெயர் பாட்ஸ்.

வீட்டிலேயே தோராயமாகப் பார்க்கலாம். துணைக்கு ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். 10 நிமிடம் அசையாமல் படுத்திருந்து நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எழுந்து, குதிகால் சுவரிலிருந்து அரையடி தள்ளி இருக்க, தோளைச் சுவரில் சாய்த்து நில்லுங்கள். பேச்சு வேண்டாம், காலை ஆட்ட வேண்டாம். நிமிடத்துக்கு ஒரு முறை என்று 10 நிமிடம் அளந்து எழுதுங்கள். ரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமல், துடிப்பு மட்டும் படுத்திருந்ததைவிட 30 அல்லது அதற்கு மேல் உயர்ந்து அப்படியே நின்றால் அந்தத் தாளோடு மருத்துவரிடம் போங்கள். 12 முதல் 19 வயது வரை 40 என்பது கணக்கு. கண் இருட்டினால் உடனே படுத்துவிட வேண்டும். பத்து நிமிடத்தை முடித்தே தீர வேண்டும் என்பதில்லை.

பாட்ஸ் என்று உறுதியானால் நாளுக்கு 2 முதல் 3 லிட்டர் நீர், கூடுதல் உப்பு, இடுப்பு வரை வரும் இறுக்கமான காலுறை ஆகியவை முதல் கட்டச் சிகிச்சை. ரத்த அழுத்தம், சிறுநீரகம், இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு உப்பு ஆபத்து. நம் சாப்பாட்டில் அது ஏற்கெனவே தாராளம் என்பதால் எவ்வளவு என்பதை மருத்துவரே சொல்லட்டும். இளநீர் நல்லதுதான்; ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம், சோடியம் கொஞ்சம்தான். உப்புப் போட்ட நீர்மோரோ கஞ்சியோ இந்த வேலைக்கு மேல். காலையில் எழுவதற்கு முன் கட்டிலிலேயே இரண்டு டம்ளர் தண்ணீர், உட்கார்ந்து காய் நறுக்குவது, முக்காலி போட்டுக் குளிப்பது, கொதிக்கக் கொதிக்க வெந்நீரைத் தவிர்ப்பது எல்லாம் சிறிய மாற்றங்கள். பலன் சிறியது இல்லை.

நல்ல நாளில்தான் கெடுகிறது

நீள்கோவிட்டில் மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இந்தப் பகுதிதான். பலருக்கு உடலால் செய்த வேலையோ மூளையால் செய்த வேலையோ அளவு மீறினால் உடனே தெரிவதில்லை. 12 முதல் 48 மணி நேரம் கழித்து அடிக்கிறது. தலை கனம், உடல் வலி, சொல் வராமை, தூக்கம் போட்டாலும் தீராத அசதி என்று ஒரு நாளோ ஒரு வாரமோ படுத்திவிடுகிறது. இதை உழைப்புக்குப் பின் சரிவு என்று சொல்லலாம். தாமதமாக வருவதால் காரணம் பிடிபடுவதில்லை. செவ்வாய்க்கிழமை சரிந்ததற்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டில் நான்கு மணி நேரம் பேசியதுதான் காரணம் என்று யாருக்குத் தோன்றும்?

ஆகவே முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் எழுதிப் பாருங்கள். ஒரு நோட்டு போதும். நேரம், செய்த வேலை, நின்றா உட்கார்ந்தா, மூட்டம் பத்துக்கு எத்தனை. காலை, மதியம், இரவு என்று மூன்று வரி. அதற்கு மேல் எழுதினால் எழுதுவதே ஒரு சுமையாகிவிடும். சரிந்த நாளை வட்டமிட்டு, அதற்கு முந்தைய இரண்டு நாளைத் திரும்பிப் பாருங்கள். எது எவ்வளவு வாங்குகிறது என்று தெரியத் தொடங்கும். பலருக்கு அதிர்ச்சியாக இருப்பது, உடல் வேலையைவிட மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசும் அறையில் உட்கார்ந்திருப்பது அதிகம் வாங்குகிறது என்பது.

அடுத்து அளவு. மடிக்கணினி முன்னால் 30 நிமிடம் கழித்து மூட்டம் ஏறுகிறது என்றால், 30-இல் நிறுத்துவது தாமதம். மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 20 நிமிடத்தில் அலாரம் வையுங்கள். அலாரம் அடித்ததும், நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் எழுந்துவிட வேண்டும். களைப்பு தெரிந்த பிறகு நிறுத்துவது பர்ஸ் காலியான பிறகு கணக்குப் பார்ப்பது மாதிரி. பிறகு 10 நிமிட ஓய்வு. கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் இல்லாமல், முடிந்தால் படுத்து. கைபேசியில் வீடியோ தள்ளிக்கொண்டிருப்பது ஓய்வில் சேராது. மேடையில் இன்னும் பத்துப் பாத்திரம் ஏற்றுவது அது.

தப்புவது எங்கே என்றால், நல்ல நாளில். ஐந்து நாள் கழித்துத் தலை தெளிவாக இருக்கும். தேங்கிய துணி, கணக்கு, போன் எல்லாவற்றையும் அன்றே முடித்துவிடுவோம் என்று இறங்குவார்கள். அடுத்த மூன்று நாள் போய்விடும். நல்ல நாளிலும் அதே அளவுதான். சரிவே இல்லாமல் இரண்டு வாரம் ஓடினால் அளவை ஒரு பத்து சதவீதம் கூட்டிப் பார்க்கலாம்: 20 நிமிடம் 22 ஆகலாம், 40 ஆகக்கூடாது.

‘நடங்க, யோகா பண்ணுங்க, எல்லாம் சரியாப் போயிடும்’ என்று அன்போடு சொல்வார்கள். உழைப்புக்குப் பின் சரிவு இல்லாதவருக்கு அது நல்ல யோசனை. இருப்பவருக்கு, வாரா வாரம் கட்டாயமாகக் கூட்டிக்கொண்டே போகும் உடற்பயிற்சி நிலைமையை மோசமாக்கலாம். இதே சரிவை முக்கிய அடையாளமாகக் கொண்ட நாள்பட்ட சோர்வு நோய்க்கு அத்தகைய பயிற்சியைப் பரிந்துரைக்கக் கூடாது என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2021-இல் தன் பழைய வழிகாட்டியையே மாற்றிக்கொண்டது. பயிற்சியைத் தொடங்குமுன் நோட்டைப் பாருங்கள்.

வீட்டில், தெருவில்

குக்கர் விசிலை எண்ணுவது சுருங்கிய மேடைக்கு மிகக் கடினமான வேலை. எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டே வேறொன்றும் செய்ய வேண்டும். விசிலுக்கு ஒரு புளியங்கொட்டையை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுங்கள். அல்லது முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து நிமிடக் கணக்கில் அலாரம் வையுங்கள். அலாரம் அடுக்களையில் இருக்கக் கூடாது, உடம்போடு இருக்க வேண்டும். தானாக அணையும் இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் பாலை அதற்கு மாற்றிவிடலாம்.

மாத்திரையில் வரும் விபத்து, போட மறப்பதைவிட இரண்டு முறை போடுவது. விழுங்கியது பதியாததால் மறுபடி எடுப்பார்கள். ஏழு நாள் டப்பாவில் ஞாயிறன்று நிரப்பி வைத்தால் காலி அறையே சாட்சி. இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு இது கட்டாயம்.

பணம் தனிக் கவனம் கேட்கிறது. மோசடிக்காரர்கள் செய்வதெல்லாம் அவசரப்படுத்தி, பேசிக்கொண்டே, ஒரு எண்ணை அழுத்த வைப்பது. மூளை மூட்டத்துக்கு அதைவிடக் கெட்ட சூழல் கிடையாது. ஒரே விதி: போனில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது ஓ.டி.பி.யும் இல்லை, யு.பி.ஐ.யும் இல்லை. பணம் நமக்கு வர ரகசிய எண் (PIN) போடத் தேவையே கிடையாது. செயலியில் தினசரி வரம்பைக் குறைத்து வையுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930.

வண்டி ஓட்டுவதில் வெட்கம் பார்க்க வேண்டாம். சரிந்த நாளிலும் அதற்கு மறுநாளும் சாவியைத் தொடாதீர்கள். மற்ற நாட்களில் பழகிய, சிறிய தூரம், நெரிசல் இல்லாத நேரம்.

எழுதி வைப்பது எல்லோரும் சொல்வது. தோற்பது எங்கே என்றால் ஐந்து இடத்தில் எழுதுவதில். காலண்டரில் ஒன்று, கைபேசியில் ஒன்று, மளிகைச் சீட்டின் பின்னால் ஒன்று என்றால் தேடுவதே வேலையாகிவிடும். ஒரே நோட்டு, ஒரே பேனா, கட்டியபடி. சாவி, கண்ணாடி, பர்ஸ் மூன்றுக்கும் வாசலில் ஒரே தட்டு. வைக்கும்போது ‘சாவியைத் தட்டில் வைக்கிறேன்’ என்று வாய்விட்டுச் சொன்னால் பதிகிறது. பார்ப்பவர்கள் சிரிக்கட்டும்.

பேச்சில், வீட்டாரிடம் நேராகக் கேட்டுவிடுவது நல்லது. ‘அத்தை, மூணையும் ஒண்ணா சொல்லாதீங்க, ஒண்ணு முடிச்சிட்டு வந்து அடுத்ததைக் கேட்டுக்கிறேன்’ என்றால் யாரும் கோபிக்கப் போவதில்லை. கோபித்தால் காரணத்தைச் சொல்லுங்கள். டிவியை அணைத்துவிட்டுப் பேசுவது, மிக்ஸி ஓடும்போது பேசாமல் இருப்பது, நீண்ட குரல் செய்திக்குப் பதில் இரண்டு வரி எழுதச் சொல்வது எல்லாம் சுமை இறக்கும். சொல் சிக்கிக்கொண்டால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், சுற்றி வளைத்துச் சொல்லிக் கடந்துவிடுங்கள். தமிழ்ச் சொல்லுக்குப் பதில் ஆங்கிலச் சொல் முந்திக்கொண்டு வந்தால் வரட்டும். இரண்டும் ஒரே சாமான் அறையில் இருந்துதான் வருகின்றன.

வேலைக்குத் திரும்பும்போது

முழு நாளாகத் திரும்பி, இரண்டு வாரத்தில் மறுபடி விடுப்பு எடுப்பதே அதிகம் நடக்கிறது. அரை நாளில் தொடங்கி, தலை தெளிவாக இருக்கும் நேரத்துக்கு, பெரும்பாலானவர்களுக்கு அது காலை, கடினமான வேலையை ஒதுக்குங்கள். கூட்டங்களுக்கு எழுத்தில் குறிப்புக் கேளுங்கள்.

அமெரிக்க அரசு 2021 ஜூலையில் நீள்கோவிட்டை மாற்றுத்திறன் சட்டத்தின் கீழ் கருத முடியும் என்று அறிவித்தது. இந்தியாவின் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப் பட்டியலில் உள்ள 21 வகைகளில் நீள்கோவிட் பெயர் சொல்லி இல்லை. அதனால் மருத்துவரிடம் வாங்கும் கடிதத்தில் நோயின் பெயரைவிட, என்ன முடியவில்லை என்பது முக்கியம். ‘நீள்கோவிட் உள்ளது’ என்ற வரி மேலாளருக்கு ஒன்றும் சொல்லாது. ‘தொடர்ந்து 25 நிமிடத்துக்கு மேல் திரையைப் பார்க்க முடியாது, பிறகு 10 நிமிட ஓய்வு தேவை, வாய்மொழி உத்தரவுகளை எழுத்தில் தர வேண்டும்’ என்று இருந்தால் அவர் ஏதாவது செய்ய முடியும். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கும் கடிதம் இப்படித்தான் இருக்க வேண்டும்.

மருந்து உண்டா

இதற்கென்று நிரூபணமான மாத்திரை இன்னும் இல்லை. ஸ்டான்ஃபோர்டில் 155 பேருக்கு நடந்த சோதனையில் கோவிட் வைரஸை எதிர்க்கும் பேக்ஸ்லோவிட் மாத்திரையை 15 நாள் எடுத்தவர்களுக்கும் போலி மருந்து எடுத்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அமெரிக்காவின் ரிக்கவர் நியூரோ சோதனையில் கணினி மூளைப் பயிற்சி, நினைவு மறுவாழ்வுப் பயிற்சி, தலையில் மெல்லிய மின்சாரம் செலுத்துவது ஆகியவற்றை 300-க்கும் மேற்பட்டவர்களிடம் 10 வாரம் பார்த்தார்கள். எல்லாக் குழுவினரும் கொஞ்சம் முன்னேறினார்கள். எந்தச் சிகிச்சையும் ஒப்பீட்டுக் குழுவை முந்தவில்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் குவான்ஃபசின், என்-அசிட்டைல் சிஸ்டீன் என்ற இரண்டு மருந்துகளையும் 12 பேருக்குக் கொடுத்து நம்பிக்கை தரும் பலனைச் சொன்னார்கள். 12 பேர்தான், ஒப்பிட வேறு குழுவும் இல்லை; நீங்களாகவே கடையில் வாங்கும் அளவுக்கு அது சான்றாகாது.

கைபேசி மூளை விளையாட்டுகள் அந்த விளையாட்டில் கெட்டிக்காரராக்கும். சொட்டு மருந்தாக ஏற்றும் வைட்டமின், ஓசோன், ஸ்டெம்செல் என்று ஆயிரங்களும் லட்சங்களும் கேட்கும் இடங்களை விட்டு விலகி நடங்கள். காப்பி அன்றைய கடனை நாளைக்குத் தள்ளுகிறது. பகல் இரண்டு மணிக்கு மேல் தூக்கத்தையும் தின்னும். மதுவை உடல் முன்போல் தாங்குவதில்லை என்று பலர் கண்டுபிடிப்பது அனுபவப்பட்ட பிறகுதான். உண்மையில் உதவக்கூடியவர் ஒருவர் இருக்கிறார், அவரை யாரும் தேடிப் போவதில்லை: செயல்முறைச் சிகிச்சையாளர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்களை அன்றாட வேலைக்குப் பழக்குபவர். பெரிய மருத்துவமனைகளின் மறுவாழ்வுப் பிரிவில் இருப்பார். மேலே சொன்ன கணக்கெல்லாம் அவர் தொழில்.

மறுபடி தொற்று வந்தால் மீண்டுவந்த தூரம் பாழாகலாம். நெரிசலான மூடிய இடங்களில் என்95 முகக்கவசம், மருத்துவர் சொன்னால் தடுப்பூசி.

முன்னேற்றத்தை நாள் கணக்கில் தேடினால் கண்ணில் படாது. மாதம் ஒருமுறை நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டுங்கள். மூட்டத்தின் எண் 6-லேயே நிற்கலாம். ஆனால் முதல் மாதத்தில் எட்டு வட்டம் இருந்த இடத்தில் இப்போது ஐந்து இருக்கும், மூன்று நாள் படுத்திய சரிவு ஒரு பகலில் முடிந்திருக்கும். வட்டங்கள் குறைகின்றனவா என்று எண்ணுங்கள். கூடினால் அந்தப் பக்கங்களை மருத்துவரிடம் விரித்துக் காட்டுங்கள். மாதக் கணக்கில் உள்ளதை வாயால் சொல்ல முயன்றால் அந்த ஐந்து நிமிடத்தில் பாதி மறந்துபோகும்.